லெமூர்களின் உடல்நலம், குடல் நுண்ணுயிர்கள், பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடகாஸ்கர் தீவின் விலங்கான லெமூர் என்றதும் வால் வளையங்களும் பெரிய கண்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் இந்த விலங்குகளைக் காப்பாற்றப் பாடுபடுகிறவர்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உன்னிப்பாகப் பார்த்துவருவது அதைத்தான். கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்கள், ஆசிரியர்கள், மடகாஸ்கருக்குப் பயணம் போகத் திட்டமிடுகிறவர்கள் எனப் பலதரப்பினரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறேன்.

லெமூர்கள் எங்கே வாழ்கின்றன? எத்தனை வகைகள் உண்டு?

இயற்கையாக வாழ்வது மடகாஸ்கரில் மட்டுமே. பக்கத்திலுள்ள கொமோரோ தீவுகளில் காணப்படும் இரண்டு வகைகளும் மனிதர்கள் கொண்டுபோய் விட்டவை. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டி இவற்றின் மூதாதைகள் வந்து சேர்ந்தது ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரக்கிளைத் திரளில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அந்தத் தீவில் குரங்குகள் இல்லை. போட்டி இல்லாத இடத்தில் ஒரே குடும்பம் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரிந்தது. 30 கிராம் எடையுள்ள பெர்த் சுண்டெலி லெமூரும் அதே குடும்பம், ஆறேழு கிலோவுக்கு மேல் வளரும் இந்திரியும் அதே குடும்பம். மனிதர்கள் தீவில் குடியேறிய பிறகு பெரிய உடல் கொண்ட 17 இனங்கள் அழிந்துபோயின. அவற்றில் ஒன்று கொரில்லா அளவுக்கு இருந்தது.

நம் ஊர் தேவாங்கும் லெமூர்தானா?

இல்லை, ஆனால் நெருங்கிய உறவு. குரங்கும் மனிதரும் அடங்கும் பாலூட்டி வரிசைக்குப் பிரைமேட்டுகள் என்று பெயர். இரண்டும் அதில் ஈரமூக்குப் பிரைமேட்டுகள் என்ற ஒரே பெரும்பிரிவில் வருகின்றன. இரண்டுக்கும் கீழ்த்தாடைப் பற்கள் சீப்பு போல முன்னோக்கி நீண்டிருக்கும். தேவாங்கு பெரும்பாலும் பூச்சி தின்று வாழ்வதால் அதன் குடல், இலை தின்னும் லெமூரின் குடலைப் போல நீண்டதல்ல. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் சுமார் 11,800 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மடகாஸ்கரைப் பற்றிப் படித்து மனம் கனக்கும் ஒருவர் கையருகில் செய்யக்கூடிய வேலை அங்கே நிறையவே இருக்கிறது.

குடல் நுண்ணுயிர்கள் லெமூருக்கு என்ன செய்கின்றன?

இலையின் பெரும்பகுதி நார். செல்லுலோஸை உடைக்கும் நொதி எந்தப் பாலூட்டியின் உடலிலும் சொந்தமாகச் சுரப்பதில்லை. மாடு அந்த வேலையை இரைப்பையிலிருக்கும் நுண்ணுயிர்களிடம் விட்டிருக்கிறது. இலை தின்னும் லெமூர்களோ பின்குடலில் அதைச் செய்கின்றன. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் உள்ள குருட்டுக்குடல் நமக்கு ஒரு சிறு பை. சிஃபாக்கா என்ற லெமூருக்கு அது நீண்டு பெருத்த நொதித்தொட்டி. மென்று விழுங்கிய இலை அங்கே தங்க, கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் நாரைச் சிதைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குடல் சுவர் வழியே உறிஞ்சப்படும் இந்த அமிலங்கள்தாம் விலங்குக்கு எரிபொருள். பியூட்டிரேட் குடலின் உட்சுவர்ச் செல்களுக்கே நேரடி உணவு.

இன்னொரு வேலையும் உண்டு. முதிர்ந்த இலைகளில் டானின் என்ற துவர்ப்புப் பொருள்களும் பலவகை நச்சுப்பொருள்களும் இருக்கும். அவற்றில் சிலவற்றைச் செயலிழக்கச் செய்வதும் இதே நுண்ணுயிர்கள்தாம். இடத்தைப் பிடித்துக்கொண்டு நோய்க்கிருமிகளை உள்ளே வேரூன்றவிடாமல் தடுப்பதும், நோயெதிர்ப்பு அமைப்பைச் சிறுவயதில் பழக்குவதும் இவற்றின் பங்கு. ஆக, சிஃபாக்காவுக்கு இலை கிடைத்தால் மட்டும் போதாது. அந்த இலையைச் செரிக்கத் தெரிந்த நுண்ணுயிரும் வயிற்றில் இருக்க வேண்டும்.

எல்லா லெமூர்களுக்கும் ஒரே வகை நுண்ணுயிர்களா?

இல்லவே இல்லை. பழம் தின்னும் பிடரிமயிர் லெமூரின் குடல் குட்டையானது. காலையில் தின்ற பழம் சில மணி நேரத்திலேயே விதையோடு வெளியே வந்துவிடும். சிஃபாக்காவின் குடலில் உணவு ஒரு நாளுக்கும் மேலே தங்கும். இந்த வேறுபாடு நுண்ணுயிர்ச் சமூகத்திலும் பளிச்சென்று தெரிகிறது: வேகமாகக் கடந்துபோகும் பழத்தில் வாழ்பவை வேறு, ஒரு நாள் முழுக்க நாரோடு மல்லுக்கட்டுபவை வேறு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி மூங்கில் லெமூர்களைப் பற்றியது. மூங்கில் தின்னும் லெமூர், ராட்சதப் பாண்டா, செம்பாண்டா மூன்றுக்கும் உறவே இல்லை. முதலாவது பிரைமேட்டு, மற்ற இரண்டும் ஊனுண்ணிகளின் வரிசை. எரின் மெக்கென்னியும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இவற்றின் குடல்களில் மிகக் குறைந்த அளவில் வாழும் நுண்ணுயிர்களில் ஏராளமானவை பொதுவாக இருப்பதைக் காட்டினார்கள். கடல்களும் கண்டங்களும் பிரித்த விலங்குகளை ஒரே உணவு இப்படி ஒன்றாக்குகிறது. எண்ணிக்கையில் அற்பமாகத் தெரியும் நுண்ணுயிர்களைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடக் கூடாது என்பதற்கும் இது நல்ல சான்று.

தங்க மூங்கில் லெமூர் சயனைடு தின்கிறது என்பது உண்மையா?

உண்மை. மடகாஸ்கரின் தென்கிழக்கிலுள்ள ரனோமஃபானா மழைக்காட்டில் 1986இல் பட்ரீசியா ரைட் உள்ளிட்டோர் கண்டறிந்து, அடுத்த ஆண்டு அறிவியல் உலகுக்கு அறிமுகமான இனம் இது. இதன் கண்டுபிடிப்பு தந்த உந்துதலில் 1991இல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. இந்த லெமூர் தின்னும் ராட்சத மூங்கிலின் குருத்தில் சயனைடு நிறைய இருக்கிறது. ஒரு நாளில் அரைக் கிலோ அளவுக்குத் தின்கிறது. அதன் உடல் எடைக்கு உயிரைப் பறிக்கப் போதுமான அளவைப்போல் ஏறத்தாழ 12 மடங்கு சயனைடு அதனால் உள்ளே போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கல்லீரலா, குடல் நுண்ணுயிரா, இரண்டும் சேர்ந்தா, எது அதைக் காக்கிறது என்பது விஞ்ஞானிகளுக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. அந்தக் காட்டோடு சேர்ந்து அந்த விடையும் அழிந்துவிடக் கூடும் என்பதுதான் கவலை.

குட்டிக்கு இந்த நுண்ணுயிர்கள் எங்கிருந்து வருகின்றன?

பிறக்கும்போது தாயிடமிருந்து கொஞ்சம், பாலில் கொஞ்சம், தாயின் ரோமத்தை நக்கும்போது கொஞ்சம், தாய் மென்றுகொண்டிருக்கும் இலையை எட்டிப் பறிக்கும்போது கொஞ்சம். பிடரிமயிர் லெமூர், வளையவால் லெமூர், காக்கரெல் சிஃபாக்கா ஆகிய மூன்றின் குட்டிகளையும் பிறந்ததிலிருந்து பால் மறக்கும் வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பால் குடிக்கும் காலத்தில் ஒரு விதமாக இருந்த சமூகம், குட்டி திட உணவுக்கு மாற மாறத் தாயுடையதைப் போல ஆகிறது.

கூட்டமும் முக்கியம். கிரிண்டி மிட்டேயா தேசியப் பூங்காவில் வெரோ சிஃபாக்காக்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், ஒரே காட்டில் அடுத்தடுத்து வாழ்ந்தாலும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனக்கென ஒரு நுண்ணுயிர்ச் சேர்க்கை இருப்பது தெரிந்தது. ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்வதும், ஒரே கிளையில் அணைந்து உட்கார்வதும், வாசனைச் சுரப்பிகளைத் தேய்த்த மரத்தை மற்றொன்று முகர்ந்து நக்குவதும் நுண்ணுயிர்களைக் கைமாற்றும் வழிகள். கூட்டத்திலிருந்து பிரித்துக் கூண்டில் தனியே அடைத்த குட்டி இழப்பது துணையை மட்டுமல்ல என்பது இதிலிருந்து புரியும்.

மண்ணும் ஒரு மூலம். இந்திரி அவ்வப்போது தரைக்கு இறங்கி மண் தின்னும். அது தின்ற மண்ணில் இருந்த பூஞ்சைகள் அதன் எச்சத்திலும் கிடைத்திருக்கின்றன.

நல்ல உணவும் மருத்துவரும் இருந்தும் உயிரியல் பூங்காக்களில் லெமூர்கள் ஏன் நோயுறுகின்றன?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதல் காரணம் சர்க்கரை. கடையில் விற்கும் வாழைப்பழமும் திராட்சையும் மனித நாவுக்காகத் தலைமுறை தலைமுறையாக இனிப்பேற்றி வளர்க்கப்பட்டவை. காட்டுப்பழத்தில் நார் அதிகம், இனிப்பு குறைவு. நாம் அன்போடு நீட்டும் பழத்தட்டு லெமூரை உடல் பருமனுக்கும் நீரிழிவுக்கும் கொண்டுபோய்விடும். பல பூங்காக்கள் இப்போது பழத்தை வெகுவாகக் குறைத்துக் கீரைகளுக்கும் இலைகளுக்கும் மாறியிருக்கின்றன.

இரண்டாவது இரும்பு. கூண்டில் வாழ்ந்து இறந்த லெமூர்களின் கல்லீரலில் இரும்பு மிதமிஞ்சித் தேங்கியிருப்பதை 1980களிலேயே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். காட்டு இலைகளிலும் புளியிலும் நிறைந்த டானின், இரும்போடு ஒட்டிக்கொண்டு அதை உடலில் சேரவிடாமல் வெளியேற்றிவிடும். அதற்குப் பழகிய உடல், கிடைக்கும் சொற்ப இரும்பை விடாமல் பிடித்துவைக்கும். கூண்டில் டானின் இல்லை. இரும்பு சேர்த்த தீவனம் உண்டு. இரும்பை இன்னும் எளிதாக உறிஞ்சவைக்கும் வைட்டமின் சி நிறைந்த ஆரஞ்சும் உண்டு. நல்லது என்று நினைத்துக் கொடுப்பவையே சேர்ந்து கெடுதலாகின்றன.

மூன்றாவது நுண்ணுயிர். காட்டிலுள்ள லெமூரையும் கூண்டிலுள்ள அதே இன லெமூரையும் ஒப்பிட்டால் நுண்ணுயிர்ச் சமூகங்கள் தெளிவாக வேறுபடுகின்றன. இலையையே நம்பி வாழும் இனங்களுக்கு இந்த இழப்பு கடுமையானது. இந்திரியைப் பாருங்கள். அதைக் கூண்டில் வளர்க்க எடுத்த முயற்சிகள் எல்லாம் தோற்றன; பிடிபட்டவை நெடுநாள் பிழைக்கவில்லை. இன்று உலகின் எந்த உயிரியல் பூங்காவிலும் இந்திரி கிடையாது. அது தின்னும் இலைகளின் வகைகளும், அவற்றைச் செரிக்கும் நுண்ணுயிர்களும் அந்தக் காட்டோடு பின்னிக் கிடக்கின்றன.

சிஃபாக்காவும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் அதை வளர்ப்பதில் ஓரளவு வென்றிருக்கிறார்கள். 1966இல் தொடங்கப்பட்ட டியூக் லெமூர் மையம் அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கிறது. மடகாஸ்கரின் மரங்கள் அங்கே வளராது. அதனால் சுமாக் என்ற உள்ளூர்ச் செடியின் இலைகளைக் கோடையில் கட்டுக்கட்டாக வெட்டி, உறையவைத்துச் சேமித்து, பனி பெய்யும் மாதங்களில் எடுத்துக் கொடுக்கிறார்கள். லிடியா கிரீனும் அவருடைய குழுவினரும் இங்குள்ள சிஃபாக்காக்களுக்கு வெவ்வேறு இலைத்தொகுப்புகளைத் தந்து பார்த்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், இலையின் வகையையும் அளவையும் ஒட்டி நுண்ணுயிர்ச் சமூகமும் அது உருவாக்கும் பொருள்களும் மாறுவது தெரிந்தது. சிஃபாக்காவுக்கு இலை என்பது தட்டில் ஓரமாக வைக்கும் பதார்த்தம் கிடையாது, அதுதான் சாப்பாடு. இதைப் புரிந்துகொள்ளவே உலகுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன, பல உயிர்களும் போயின.

வயிற்றுப்போக்கு வந்தால் என்ன ஆகும்?

சிஃபாக்காக்களை அடிக்கடி தாக்குவது கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. நீரிலும் எச்சத்திலும் பரவும். மனிதருக்கும் கன்றுக்குட்டிகளுக்கும்கூட வரும். நோய் தாக்கிய காக்கரெல் சிஃபாக்காக்களின் குடலில் நுண்ணுயிர்ப் பன்மை சரிந்துவிடுவதை 2017இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. வயிற்றுப்போக்கு நின்ற அன்றே குடல் சீராகிவிடுவதில்லை. உள்ளே பழைய சமூகம் திரும்ப மேலும் காலம் பிடிக்கிறது. சிஃபாக்காவின் ஆரோக்கியமான எச்சம் ஆட்டுப்புழுக்கை போல உருண்டு, கெட்டியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் விழும். அது இளகத் தொடங்கினாலே பராமரிப்பாளர்கள் உஷாராகிவிடுவார்கள்.

ஆன்டிபயாடிக் கொடுப்பது தவறா?

உயிருக்கு ஆபத்து என்னும்போது கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு என்பதை அறிந்து கொடுக்க வேண்டும். சாலி போர்ன்புஷும் உடன் பணியாற்றியவர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. ஆரோக்கியமான வளையவால் லெமூர்களில் சிலவற்றுக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தார்கள். சிலவற்றுக்கு மருந்துக்குப் பிறகு, எச்சத்திலுள்ள நுண்ணுயிர்களைக் குடலுக்குள் செலுத்தும் எச்ச மாற்று சிகிச்சையும் செய்தார்கள். சிலவற்றுக்கு எதுவும் கொடுக்கவில்லை. மருந்து நுண்ணுயிர்ப் பன்மையைக் குறைத்துச் சமூகத்தின் அமைப்பையே கலைத்துப்போட்டது. எச்சம் திருப்பிக் கொடுக்கப்பட்டவற்றின் குடல் பழைய நிலையை நோக்கி விரைவாகத் திரும்பியது.

கேட்க அருவருப்பாகத் தோன்றலாம். தயிருக்கு உறை ஊற்றுவது போன்ற வேலைதான் இது. நம் ஊர்க் கால்நடை மருத்துவர்களுக்கு இது புதிதும் அல்ல: அசை போடுவதை நிறுத்திவிட்ட மாட்டுக்கு, நலமான மாட்டின் இரைப்பை நீரை எடுத்துப் புகட்டுவது நெடுங்காலமாக உள்ள சிகிச்சை.

மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களின் மரபணுக்களும் கவலை தருகின்றன. மனிதரோடு வாழும் லெமூர்களின் குடலில், காட்டு லெமூர்களில் இருப்பதைவிட இத்தகைய மரபணுக்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன. மருந்தே வாங்கியிராத விலங்கிடமும் அவை நம்மிடமிருந்து போய்ச் சேர்கின்றன.

அப்படியென்றால் கடையில் விற்கும் புரோபயாடிக் கொடுத்தால் போதாதா?

போதாது. அவற்றில் இருப்பவை பெரும்பாலும் பாலையும் மனிதக் குடலையும் சார்ந்த ஒரு சில இனங்கள். மடகாஸ்கர் மரத்து இலையின் நாரை உடைக்கத் தெரிந்தவை அந்தப் புட்டியில் இல்லை.

காட்டில் வாழும் லெமூர்கள் நலமாகத்தானே இருக்கும்?

தொந்தரவு இல்லாத காடாக இருந்தால் சரி. ரனோமஃபானா வட்டாரத்தில் செய்து 2015இல் வெளியான ஆய்வு நிலைமையைத் தெளிவாகச் சொல்கிறது. சுற்றுலாப் பயணிகளும் ஊர்களும் நெருங்கிய காட்டுப்பகுதி லெமூர்களின் எச்சத்தில் ஷிகெல்லா, சால்மொனெல்லா, நோயுண்டாக்கும் ஈ.கோலி வகைகள் போன்ற குடல்நோய்க் கிருமிகள் கிடைத்தன. மனிதத் தடம் படாத பகுதியில் வாழ்ந்தவற்றிடம் அவை இல்லை. மடகாஸ்கரின் பல கிராமங்களில் கழிப்பறை வசதி இன்னும் எட்டவில்லை. அங்கே குடிநீருக்கும் கழிப்பறைக்கும் செலவிடுவது மக்களின் நலத்துக்கு முதலில், லெமூரின் நலத்துக்கும் கூடவே.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான இரண்டு மரங்கள் இந்தக் கதையில் வருகின்றன.

ஒன்று புளி. தென்மேற்கு மடகாஸ்கரின் ஆற்றோரக் காடுகளில் வளையவால் லெமூரின் முக்கிய உணவு புளியம்பழமும் புளிய இலையும்தான். அங்கே அந்த மரத்தைக் கிலி என்கிறார்கள். பெசா மஹஃபாலி காப்பகத்தில் பல ஆண்டுகளாக லெமூர்களின் பற்களைப் பரிசோதித்துவரும் ஆய்வாளர்கள், கெட்டியான புளியம்பழ ஓட்டைக் கடித்துக் கடித்தே பற்கள் தேய்ந்து விழுவதைக் கண்டார்கள். காடு குறைந்து, மற்ற உணவு கிடைக்காமல், புளியையே அதிகம் நம்ப வேண்டிய நிலை இதைக் கூட்டுகிறது. பல் போன வயதான லெமூர்கள் காப்பகத்துக்கு வெளியே மனிதரின், மாட்டின், நாயின் மலத்தைத் தின்பதையும் பார்த்திருக்கிறார்கள். மெல்ல முடியாத வாய்க்கு ஏற்கெனவே பாதி செரித்த உணவு கிடைக்கிறது. அதோடு கிருமிகளும் வருகின்றன. படித்தபோது மனம் பாரமானது.

மற்றொன்று நம் ஊரில் ஆட்டுக்குத் தழையாக ஒடித்துப் போடும் சூபாபுல், சில இடங்களில் சவுண்டல் என்பார்கள். 1963 முதல் அலிசன் ஜாலி என்ற ஆய்வாளர் லெமூர்களை ஆராய்ந்த தெற்கு மடகாஸ்கரின் பெரென்டி காப்பகத்தில் இந்த மரத்தைக் கால்நடைத் தீவனத்துக்காக நட்டிருந்தார்கள். வறட்சிக் காலத்தில் வளையவால் லெமூர்கள் அதன் இலையைத் தின்றன. உடலெங்கும் ரோமம் உதிர்ந்தது, வால் மொட்டையானது. இலையில் இருக்கும் மிமோசின் என்ற நச்சே காரணம் என்று ஆய்வுகள் சுட்டின. நம்மைப் போல வீடு இல்லாத விலங்குக்கு ரோமம் போவது பெரிய ஆபத்து. தெற்கின் குளிர்கால இரவுகள் கடுமையானவை.

இங்கேயும் நுண்ணுயிர்தான் குறுக்கே வருகிறது. ஆஸ்திரேலியாவில் மாடுகள் இதே இலையைத் தின்று நோயுற்றன. ஹவாய்த் தீவின் ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் 1980களில் அந்த ஆடுகளின் இரைப்பை நுண்ணுயிர்களை ஆஸ்திரேலிய மாடுகளுக்கு ஏற்றியதும் மாடுகள் தப்பின. மிமோசினிலிருந்து பிறக்கும் நச்சை உடைக்கும் அந்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே சேர்த்து சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். ஒரு பாக்டீரியா வயிற்றில் இருந்தால் தீவனம், இல்லாவிட்டால் நஞ்சு. வெளிநாட்டு மரம் ஒன்றைக் காட்டோரம் நடுமுன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

காட்டில் இதையெல்லாம் எப்படி ஆராய்கிறார்கள்? விலங்கைப் பிடிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. முந்தைய மாலை கூட்டம் எந்த மரத்தில் உறங்கப் போனது என்று உள்ளூர் வழிகாட்டிகள் குறித்து வைத்திருப்பார்கள். விடியுமுன் அதன் அடியில் போய் நிற்பார்கள். சிஃபாக்கா கண்விழித்து, கிளையில் கொஞ்சம் வெயில் காய்ந்து, பிறகு எச்சமிடும். எந்த விலங்கு இட்டது என்பதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதிரி பயன்படாது. கையுறையோடு, மண் ஒட்டாத புழுக்கையாகப் பார்த்துப் பொறுக்கி, மரபணுவைக் கெடாமல் வைக்கும் திரவம் உள்ள சிறு குப்பியில் போட்டு, விலங்கின் பெயர், நேரம், இடம் எழுதி மூடுவார்கள். மின்சாரமே நிச்சயமில்லாத முகாமிலிருந்து ஆய்வகம் வரை அதைக் கொண்டுசேர்ப்பதுதான் பெரும்பாடு. ஆய்வகத்தில் எச்சத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, பாக்டீரியாக்கள் எல்லாவற்றிலும் இருக்கும் ஒரு குறிப்பிட்ட மரபணுவைப் படித்து, எந்தெந்த வகை எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். அதே எச்சத்தில் ஒட்டுண்ணி முட்டைகளையும் மனஅழுத்த ஹார்மோன்களையும் பார்க்கலாம்.

மடகாஸ்கர் வழிகாட்டிகளின் கண்ணும் காதும் இல்லாமல் இந்த ஆய்வுகளில் எதுவும் நடந்திருக்காது. ஆய்வுக்கட்டுரைகளில் அவர்களின் பெயர் பெரும்பாலும் நன்றி கூறும் பத்தியில் மட்டுமே வருவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

லெமூர்களுக்கு உண்மையில் எவ்வளவு ஆபத்து?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி 107 இனங்களில் 103 அழிவு அச்சுறுத்தலில் உள்ளன. அவற்றில் 33 மிக அபாய நிலையில் இருப்பவை. 1953க்கும் 2014க்கும் இடையே தீவின் இயற்கைக் காட்டில் 44 விழுக்காடு போய்விட்டது. மலைச்சரிவுக் காட்டை வெட்டி எரித்து நெல் விதைக்கும் தவி முறை, கரிக்காக மரம் வெட்டுவது, சுரங்கம், கருங்காலி, ரோஸ்வுட் கடத்தல், இறைச்சிக்காக வேட்டை எல்லாம் காரணங்கள்.

பசித்த குடும்பம் காட்டை எரித்து நெல் போடுவதைக் குற்றம் சொல்லிவிட்டு நகர்வது எளிது. அவர்களுக்கு வேறு வழி காட்டாத எந்தத் திட்டமும் நிலைக்காது. உள்ளூர் மரபுகளில் காப்பும் இருக்கிறது. ஃபாடி என்னும் விலக்குகளின்படி பல ஊர்களில் இந்திரியைக் கொல்லக் கூடாது. வேறு சில ஊர்களில் ஐ-ஐ லெமூர் கண்ணில் பட்டால் கெடுதல் வரும் என்று அடித்தும் விடுகிறார்கள்.

காடு துண்டாகும்போது குடலும் பாதிக்கப்படுகிறது. மர வகைகள் குறைந்தால் இலை வகைகள் குறைகின்றன. இலை குறைந்தால் நுண்ணுயிர் குறைகிறது. துண்டுக்காடுகளுக்கு இடையே விலங்குகள் போய்வராவிட்டால் நுண்ணுயிர்ப் பரிமாற்றமும் நின்றுபோகிறது. எனவேதான் துண்டுக்காடுகளை மரம் நட்டு இணைப்பதை நான் மிக முக்கியமான வேலையாகக் கருதுகிறேன்.

பூங்காவில் பெருக்கிக் காட்டில் விட்டுவிடலாமே?

செய்து பார்த்தார்கள். 1997க்கும் 2001க்கும் இடையே அமெரிக்காவில் பிறந்த 13 கறுப்பு வெள்ளைப் பிடரிமயிர் லெமூர்களை மடகாஸ்கரின் பெடம்போனா காப்பகத்தில் விட்டார்கள். ஐந்தை ஃபோசா என்ற வேட்டை விலங்கு கொன்றது. கூண்டில் வளர்ந்தவற்றுக்கு அந்த ஆபத்து தெரியவில்லை. சில பிழைத்து, காட்டுக் கூட்டத்தோடு சேர்ந்து குட்டியும் ஈன்றன. அது சிறிய வெற்றி இல்லை. ஆனால் அவை பழம் தின்பவை. இலையையே நம்பும் சிஃபாக்காவை அப்படி விட வேண்டுமென்றால், முன்கூட்டியே உள்ளூர் இலைகளுக்குப் பழக்குவதும் காட்டு உறவினரின் நுண்ணுயிர்களை ஏற்றுவதும் திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. எச்சத்தைப் பரிசோதித்தால் விலங்கு தயாரா இல்லையா என்று விடுவதற்கு முன்பே ஓரளவு அறிய முடியும்.

லெமூரை வீட்டில் வளர்க்கலாமா? சமூக ஊடகங்களில் செல்லமாகக் கொஞ்சும் வீடியோக்கள் வருகின்றனவே.

வேண்டாம். மடகாஸ்கரிலேயே 2010 முதல் 2013 வரை சுமார் 28,000 லெமூர்கள் சட்டவிரோதமாக வீடுகளிலும் விடுதிகளிலும் வளர்க்கப்பட்டன என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தாயிடமிருந்து பிரித்து, சோறும் வாழைப்பழமும் ஊட்டி, இடுப்பில் கயிறு கட்டி வளர்க்கப்படும் குட்டி, மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே நாளில் இழக்கிறது: கூட்டம், இலை, மண், நுண்ணுயிர். லெமூர்கள் எல்லாம் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டீஸின் முதல் பட்டியலில் உள்ளவை. இந்தியாவிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பட்டியல் விலங்குகளைப் பதிவு செய்யாமல் வைத்திருப்பது குற்றம். அத்தகைய வீடியோவைப் பகிராமல் கடந்துபோவதுகூட உதவிதான். பார்ப்பவர்களுக்கு அது ஆசையைத்தான் தூண்டுகிறது.

மடகாஸ்கருக்குப் போகிறேன். எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

லெமூர்களுக்கு உணவு கொடுக்காதீர்கள், வழிகாட்டி சொன்னாலும் கொடுக்காதீர்கள். தோளில் ஏறவைத்துப் படமெடுக்கும் விடுதிகளைத் தவிருங்கள். சளி, வயிற்றுப்போக்கு இருந்தால் அன்று காட்டுக்குள் போகாமல் அறையில் இருங்கள். உங்களுக்கு இரண்டு நாள் தொந்தரவு, லெமூருக்கு உயிர்ப்பிரச்சினை. செருப்பின் அடியைக் கழுவிவிட்டு அடுத்த காட்டுக்குள் நுழையுங்கள். காட்டுக்குள் மலம் கழிக்க நேர்ந்தால் ஓடையிலிருந்து தள்ளி, ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். தேசியப் பூங்காவின் நுழைவுக்கட்டணத்தையும் உள்ளூர் வழிகாட்டியின் கூலியையும் பேரம் பேசாமல் கொடுங்கள். மடகாஸ்கரின் கிழக்கிலுள்ள அண்டாசிபே காட்டில் அதிகாலையில் இந்திரிகள் குரலெடுத்துப் பாடும்; இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அதற்காக ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் அந்தப் பணமும் அந்த ஊருக்கே போய்ச் சேரும்.